இடைக்காலப் பதிலும் அம்பர்நாத் வண்டியும்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 19 சொல்வது இது: குடும்பம் இல்லை என்பதற்காகவோ, குடும்பம் ஏற்க மறுக்கிறது என்பதற்காகவோ, போக்கிடம் இல்லை என்பதற்காகவோ மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. சட்டம் வெளியான வாரமே அரசிதழை வரவழைத்துப் படித்தவன் நான். ஓய்வுபெற்ற சார்புச் செயலாளர்கள், மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் நேரத்தில், இப்படிப்பட்ட காரியங்களைச் செய்வார்கள். பிரிவு 19-ஐச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு ஓரத்தில் 'நன்று' என்று எழுதிவைத்தேன். அந்த நேரத்தில் என் மனைவியின் அண்ணன் மும்பையில் ஒரு மனநல மருத்துவமனையில்தான் இருந்தார். அடிக்கோடு போட்ட கைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

இந்த ஆடியில் அந்த மருத்துவமனையிலிருந்து கோமதி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கோமதி இறந்து இரண்டு வருடமாகிறது. அவளுக்கு வரும் கடிதங்களை இப்போது நான்தான் பிரிக்கிறேன். உண்மையில் எப்போதும் நான்தான் பிரித்தேன். நோயாளி சங்கரபாண்டியன் நெடுநாளாக நலமாக இருக்கிறார், வீட்டுக்கு அனுப்பலாம், உறவினர் வரவும் என்று இருந்தது. மாதம் தவறாமல் ஒரு நண்பர் வந்து பார்க்கிறார், ஆனால் அவர் உறவினர் அல்லர் என்று தாராவி விலாசம் ஒன்றும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பார்வை என்ற இடத்தில், பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கடிதத்தின் எண்ணும் தேதியும்.

அது என் கடிதம். அலுவலகத்தில் இதற்கு இடைக்காலப் பதில் என்று பெயர். பதில் சொல்ல மனமில்லாத இடத்தில், பதில் சொல்லவில்லை என்ற குற்றமும் வராமல் இருக்க எழுதுவது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. பொருள் பரிசீலனையில் உள்ளது. இறுதிப் பதில் கூடிய சீக்கிரம் அனுப்பப்படும்.' ஆங்கிலத்தில், கோமதிக்காக, நானே தட்டச்சு செய்து அனுப்பியது. அண்ணனைக் கூட்டிவர வேண்டும் என்று அவள் கேட்டபோது, "எழுதியிருக்கேன்" என்றேன். அதன் பிறகு அவள், "அங்கேயிருந்து பதில் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இன்னும் வரல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது பொய்யில்லை. பதில் போடவேண்டியவன் நான்; யார் போட வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

இந்த முறை இறுதிப் பதிலை நேரில் கொடுப்பது என்று முடிவு செய்தேன். திரும்பி வர இரண்டு படுக்கைகளுக்குச் சீட்டு வாங்கினேன். கோப்பு ஒன்று கட்டினேன்: அடையாள அட்டைகள் மூன்று நகல், கோமதியின் இறப்புச் சான்றிதழ், உறவுமுறைச் சான்றிதழ், அடிக்கோடிட்ட அரசிதழ். மாற்று வேட்டி மட்டும் மறந்துபோயிற்று.

மும்பையில் தங்கியது செம்பூரில், கோமதியின் சித்தி மகள் வசந்தா வீட்டில். வசந்தா முப்பது வருடம் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். என்னைப் பற்றி அவளுக்கு மயக்கங்கள் கிடையாது. நான் போய்ச் சேர்ந்தபோது மழை மூன்றாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சென்னையில் இந்த மழைக்குப் பள்ளிக்கு விடுமுறை விட்டு, படகு கொண்டுவந்து, தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டியிருப்பார்கள். இங்கே வசந்தா பால்கனித் துணியை உள்ளே எடுத்துப் போட்டதோடு சரி.

"கோப்பெல்லாம் கட்டிக் கொண்டாந்திருக்கீங்க. சங்கரண்ணன் வர சம்மதிச்சாச்சா, அத்தான்?"

"சட்டப்படி அவரை வச்சிருக்கவே கூடாது."

"நான் அதைக் கேக்கல."

கேள்வி புரியாதது போல அவள் கொடுத்த போஹாவைச் சாப்பிட்டேன். நம் ஊர் அவல் உப்புமாதான், மேலே கொஞ்சம் சர்க்கரையும் கொத்தமல்லியும். உப்புமாவில் சர்க்கரை போடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் தாராவி. மழைத்தண்ணீர் சந்தின் நடுவே ஓடியது. இரண்டு கரையிலும் தோல் வெட்டும் மேஜைகள், முறுக்குப் பிழியும் வீடுகள். விலாசத்தைக் காட்டியதும் ஒரு பெண்மணி நெல்லைத் தமிழில் வழி சொல்லி, முடிவில் "சீதா ஜானேகா", நேராகப் போகணும், என்று இந்தியையும் சேர்த்துக்கொண்டாள். கடிதத்தில் சொல்லியிருந்த நண்பர் செல்லத்துரைக்கு இப்போது மூன்று மிஷின் உள்ள பை தைக்கும் பட்டறை. அந்தக் காலத்தில் வேறொருவர் பட்டறையில் அவரும் சங்கரபாண்டியனும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் தைத்து, ஒரே கோலியில் படுத்தவர்கள். கோலி என்றால் இங்கே ஒற்றை அறை வீடு.

யாரென்று கேட்டார். "கோமதிக்குச் சொந்தம்" என்றேன். இதுவும் பொய்யில்லை. பொய் சொல்லாமல் மறைப்பதற்குத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

"தங்கச்சி எப்படி இருக்கு அண்ணாச்சி?"

சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தினார். பட்டறையில் மற்ற இரண்டு மிஷின்களும் தாமாகவே நின்றன. "ரெண்டு வாட்டி வந்திச்சு. கடேசி வாட்டி அவனுக்கு ஊதாக் கலர்ல ஒரு சட்ட வாங்கிட்டு வந்திச்சு" என்றார். பிறகு சாயா வந்தது.

என்ன நடந்தது என்று அவர் சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். சங்கரபாண்டியன் தைக்க உட்கார்ந்தால் எழுந்திரிக்க மாட்டாராம். ஒரு தீபாவளி சீசனில் நாலைந்து நாள் தூங்காமல் தைத்தார். பிறகு ஊசி தன்னோடு பேசுகிறது என்றார். பிறகு தண்டவாளத்தில் நடந்து போனார். போலீஸ் பிடித்துக் கொண்டுபோய் மருத்துவமனையில் விட்டது.

"ஒரு வருசத்துல சரியாயிட்டான் அண்ணாச்சி. நான் எட்டு வாட்டி எழுதிக் குடுத்திட்டேன். எங்கூட அனுப்புங்க, மேல ஒரு ரூம் சும்மா கெடக்கு, எம் பொண்டாட்டிக்கும் சம்மதம்னு. மொதல்ல, நீ சொந்தக்காரன் இல்லன்னான். சரி. அப்புறம் ஒரு மேடம் வந்திச்சு, நல்ல பொம்பள, நான் பாக்கேன்னு சொல்லிச்சு. ஃபைல எடுத்தா உள்ள ஒரு லெட்டரு. மெட்ராஸ்ல எவனோ பெரிய ஆபீசராம், சொந்தக்காரனாம். யோசிக்கேன், பதில் போடுதேன்னு எழுதியிருக்கான். அவன் பதில் வராம ஒண்ணும் செய்ய முடியாதுங்காக. பதினஞ்சு வருசமா யோசிக்கான் அண்ணாச்சி! தாஜ்மஹால் கெட்டுததுக்குக்கூட இம்புட்டு யோசிச்சிருக்க மாட்டான்."

"வேலை நெருக்கடியா இருந்திருக்கும்" என்றேன்.

"அவன் மட்டும் எங் கையில கெடச்சான்..."

"என்ன செய்வீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். கோபம் நிலைக்கும் முகமாக அது இல்லை. "என்னத்தச் செய்ய? உக்கார வச்சு ஒரு சாயா குடுத்து, ஏம்ல இப்படி எழுதுனன்னு கேப்பேன்."

நான் அப்போது இரண்டாவது சாயாவை முடித்திருந்தேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் பதினொரு மணிக்கு மருத்துவமனை வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு செய்துகொண்டேன்.

பதினொரு மணிக்கு நான் மருத்துவமனையைத் தாண்டி வெகுதூரத்தில், அம்பர்நாத்தில் இருந்தேன். வசந்தா காலையில் படித்துப் படித்துச் சொன்னாள்: "குர்லாவுல எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கற ஸ்லோ வண்டி புடிங்க. ஃபாஸ்ட்ல ஏறிடாதீங்க. ஏறினாலும் உக்காராதீங்க." குர்லாவில் வந்தது எந்த வண்டி என்று நான் விசாரிப்பதற்குள் எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னை ஏற்றிவிட்டார்கள். கால் என்னுடையது, நடந்தது அவர்கள். இறங்குகிறவர்களுக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று பிளாட்பாரத்துப் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்ததை எடுத்துச் சொன்னேன். ஒருவர் மரியாதையாக என் கோப்பை மேலே தூக்கிவைத்தார். ஓர் இருக்கையும் கிடைத்தது. வெற்றி என்று நினைத்து உட்கார்ந்தேன்.

இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தபோது எழுந்தேன். எழுந்தேன் என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வாசலுக்கும் எனக்கும் நடுவே நாற்பது முதுகுகள். வண்டி நகர்ந்ததும் எதிரே இருந்த நடுவயதுக்காரர் ஒருவர் இந்தியில் ஆறுதல் சொன்னார்: "இறங்கணும்னா ரெண்டு ஸ்டேஷன் முன்னாடியே எழுந்து வாசல்கிட்ட நிக்கணும் அங்கிள். இங்கே உட்கார்ந்துட்டா உட்கார்ந்ததுதான். யாரும் உங்களை எழுப்பி இறக்கிவிட மாட்டாங்க."

அம்பர்நாத்தில் கூட்டம் முழுக்க இறங்கியது, என்னையும் இறக்கியது. ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் சாப்பிட்டேன். பன்னுக்குள் போண்டா, போண்டாவுக்குள் மிளகாய், எல்லாம் சேர்ந்து வாய்க்குள் ஒரு வாக்குவாதம். கடைக்காரர் பக்கத்தில் நின்று சாப்பிட்ட ஃபாக்டரிச் சீருடைக்காரர் நான் இருமுவதைக் கேட்டு, "தமிழா?" என்று கண்டுபிடித்தார். இருமலில் என்ன மொழி இருக்கிறதோ. அவரே திரும்புகிற ஸ்லோ வண்டியில் ஏற்றி, வாசல் கம்பியைப் பிடிக்கவைத்து, "விட்றாதீங்க சார், உக்காராதீங்க" என்று சொல்லிப் போனார்.

ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். செல்லத்துரை இரண்டரை மணி நேரமாக வாசலில் குடை பிடித்து நின்றிருந்தார், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு. "வரமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். "வந்திட்டிய."

மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். உயரமான மதில், பெரிய ஆலமரங்கள், வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். ஒரு வளைவின் மேல் கல்லில் செதுக்கியிருந்த பழைய வார்த்தையைச் சிமெண்ட் பூசி மறைத்திருக்கிறார்கள். மழையில் சிமெண்ட் ஊறி, எழுத்துகள் லேசாகத் திரும்பத் தெரிந்தன. பைத்தியம் என்பதற்கு அந்தக் காலத்து ஆங்கிலம்.

வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், உறவு எழுத வேண்டும். எந்தப் படிவத்தையும் காலியாக விட்டதில்லை நான். உறவு: தங்கையின் கணவர். பின்னால் நின்ற செல்லத்துரை அதைப் படித்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

படிக்காவிட்டாலும் பாதகமில்லை. சமூகப் பணியாளர் மேடம், மராத்திக்காரர், கோப்பைத் திறந்ததும் முதலில் எடுத்தது என் கடிதத்தைத்தான். தாள் பழுத்திருந்தது, கையெழுத்து அப்படியே இருந்தது. "இதை எழுதியவர் நீங்களா!" என்று இந்தியில் மகிழ்ந்தார். "புதிதாக வரும் கிளார்க்குகளுக்குக் கடிதம் எப்படி எழுதுவது என்று இதைத்தான் காட்டுவோம். உண்மையில், நோயாளி சம்மதித்தால் உறவினர் இல்லாமலே அனுப்பலாம். ஆனால் இப்படி ஒரு கடிதம் கோப்பில் இருக்கும்போது எந்த அதிகாரி துணிந்து கையெழுத்துப் போடுவார்?"

எந்த அதிகாரியும் போட மாட்டார். நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

செல்லத்துரை எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வராந்தாவிலிருந்து கூப்பிட்டார். வாசல் கடையிலிருந்து ஒரு சாயா வாங்கிவந்திருந்தார். ஒன்றுதான். அதை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்ல இப்படி எழுதுன?"

என்னை யாரும் நெல்லைப் பக்கத்து 'ல' போட்டுப் பேசி ஐம்பது வருடம் ஆகியிருக்கும். விதி எதுவும் கைவசம் இல்லை. அந்த வருடம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார், குடும்பத்தில் யாருக்காவது அந்த மாதிரி உண்டா என்று கேட்டிருந்தார்கள். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று எழுதினேன். முடிந்தது. பிறகு பார்க்கவில்லை.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"சாயா ஆறுது. குடிங்க அண்ணாச்சி."

மேடம் எங்களை அழைத்துப்போன தையல் கூடத்தில் சங்கரபாண்டியன் இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பார்க்க என்னைவிடத் திடமாக இருந்தார். மிஷினில் ஏற்கனவே ஒரு சட்டை ஓடிக்கொண்டிருந்தது. "வாங்க மாப்ளே, இதை முடிச்சிருதேன்" என்றார், நான் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது போல. கோமதியைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்ததும் மிஷினை நிறுத்தவில்லை. தையல் ஓரம் வரை போய், நின்று, நூலை வெட்டிய பிறகு, "எப்பம்?" என்றார். சொன்னேன். சட்டையை மடித்து அடுக்கில் வைத்தார். அடுத்த சட்டையை எடுக்கவில்லை.

அந்த வார்டின் உடைகள் எல்லாம் அவர் தைப்பதுதான். ஒரே சாம்பல் துணி. ஒன்றிலும் பை இல்லை.

"பாக்கெட் வச்சா பீடி, தீப்பெட்டி ஒளிச்சு வைப்பாங்கன்னு வைக்கக் கூடாது" என்று விளக்கினார். "வந்த அன்னைக்கே மொட்டை போட்டு, என் சட்டைய வாங்கிட்டு, இதக் குடுத்தான். வரிசையா நிக்க வச்சு பைப்ல தண்ணி அடிப்பான், நாப்பது பேருக்கு. கரண்ட்டு வைக்கதுக்கு மயக்க மருந்து கெடையாது. நாலு பேரு புடிச்சுக்கிடுவான். சாயங்காலம் எண்ணிப் பூட்டுவான். ராத்திரி ஒருத்தன் செத்தாலும் காலையில எண்ணும்போதுதான் தெரியும். இப்பம் அதெல்லாம் இல்ல. டிவி இருக்கு. மேடம் மேடம்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்காக." பிறகு ரகசியம் போலத் தன் சட்டையின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒரு பை. "கேக்கவனுக்கு மட்டும் உள்ள வச்சுக் குடுப்பேன். ஒருத்தனும் பீடி வச்சதில்ல மாப்ளே. ஒரு சோப்புத் துண்டு. ஒரு போட்டோ. ஒருத்தன் பஸ் டிக்கெட் வச்சிருந்தான்."

அவருடைய பையில் கோமதியின் கடிதங்கள் இரண்டு இருந்தன. "ஊதாச் சட்ட ஒண்ணு கொண்டாந்தா. இவுக வாங்கி உள்ள வச்சாக. அப்புறம் காணல."

நான் கோப்பைப் பிரித்தேன். அரசிதழை எடுத்தேன். பிரிவு 19-ஐ முதல் வரியிலிருந்து படித்து, தமிழில் விளக்கி, "மச்சான், கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கேன். நாளைக்கே ரயில். உங்களுக்கும் சீட்டு வாங்கிட்டேன்" என்று முடித்தேன். என் பணிக்காலத்தில் நான் ஆற்றிய உரைகளில் இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க போட்ட லெட்டரு, அப்பவே கிளார்க் இந்தியில படிச்சுக் காட்டினாரு. யாரு போட்டதுன்னு செல்லத்துரைகிட்டகூடச் சொல்லல. கூடிய சீக்கிரம்னு போட்டிருந்தீங்கல்லா? துணியெல்லாம் மடிச்சு ரெடியா வச்சிருந்தேன். ஒரு ரெண்டு வருசம் வச்சிருந்தேன்."

செல்லத்துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பம் நீங்க வந்து நாளைக்கின்னா எப்படி மாப்ளே? என்னைய யாரும் கேக்கலையே."

"இப்ப கேக்கறேன். வர்றீங்களா?"

"யோசிக்கணும்."

மேடத்தைப் பார்த்தேன். அது அவருடைய உரிமை என்று மேடம் சொன்னார். அந்தப் பிரிவும் எனக்குத் தெரியும். அதற்கு நான் அடிக்கோடு போட்டிருக்கவில்லை.

"எப்ப சொல்வீங்க, மச்சான்?"

அவர் அடுத்த சட்டையை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தார். "பதில் போடுதேன்" என்றார். "கூடிய சீக்கிரம்."

மறுநாள் ரயிலுக்கு முன், தமிழர்கள் நிறைந்த மாதுங்காவில் வசந்தா காபி வாங்கிக் கொடுத்தாள். எங்கள் தெருவில் கிடைக்காத நல்ல காபி அங்கே கிடைக்கிறது என்பதை ஒரு சென்னைக்காரன் எழுத்துமூலம் ஒப்புக்கொள்வது வருத்தம்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள், "முதல் நாளே கேட்டேன்ல அத்தான்" என்றாள். "நான் அப்பவே கேட்டேன்."

வண்டியில் என் எதிர்ப் படுக்கை காலியாக இருந்தது. புனே தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் அதை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். அதற்கும் ஒரு விதி உண்டு. நான் அதைச் சொல்லவில்லை. ஒரு வயதான அம்மாள் வந்து படுத்து, சென்னை வரை குறட்டை விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நினைவூட்டு ஒன்று எழுதத் தொடங்கினேன். பார்வை, பொருள், ஐயா என்று மூன்று வரி எழுதியபின் கிழித்துப் போட்டேன். அவர் பதினைந்து வருடத்தில் எனக்கு ஒரு நினைவூட்டும் அனுப்பவில்லை. ஊதாச் சட்டை ஒன்று மட்டும் தேடி வாங்கிவைத்தேன். தபால்காரர் இரண்டு தெரு தள்ளி வரும்போதே அவருடைய வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். கோமதி இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு கார்டு வந்தது. 'மாப்ளைக்கு. யோசிச்சுக்கிட்டு இருக்கேன். பதில் பின்னால. சங்கரன்.' இடைக்காலப் பதில். குறை சொல்ல ஒன்றும் இல்லை. என்னுடையதைவிடச் சுருக்கம்.

பிறகு தீபாவளி போயிற்று. மழை இந்தப் பக்கம் வந்தது. அடுத்த கார்டில் எழுத்து இன்னும் பெரிதாக, ஒரு பக்கம் முழுக்க இருந்தது:

'மாப்ளைக்கு. மெட்ராசுக்கு வரல. அங்க கோமதி இல்லாம எனக்கு என்ன இருக்கு. செல்லத்துரை வீட்டு மேல் ரூமுக்குப் போறேன். ஜன்னல் இருக்காம். மிஷின் போட எடம் இருக்காம். உங்க பழைய லெட்டரு ஃபைல்ல கெடக்கதால உறவுக்காரங்கன்னு கையெழுத்துப் போட ஆள் வேணும்னு மேடம் சொல்லுதாங்க. நீங்க வாங்க. ஸ்லோ வண்டியில வாங்கன்னு செல்லத்துரை எழுதச் சொன்னான். வரும்போது ஊதாக் கலர்ல ஒரு சட்ட. பாக்கெட் வெளிய வச்சது.'

கோமதி கேட்டுக்கொண்டே இருந்த பதில் வந்துவிட்டது: நவம்பர் 21, வெள்ளிக்கிழமை, காலைத் தபாலில்.